பழவேற்காட்டுப் பெரிய காத்ரீன்

கடல் கடந்து போய்க் குடியேறிய குடும்பம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போனவர்களாக இருக்கலாம். இந்த நாளில் டொரான்டோவுக்கும் டல்லாஸுக்கும் போனவர்களாக இருக்கலாம். அவர்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் ஒரு விஷயம் புலப்படும். இப்போது வசிக்கும் பெரிய வீட்டைப் பற்றி அவர்கள் அதிகமாகப் பேசுவதில்லை. போன புதிதில் குடியிருந்த முதல் வீட்டைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஒரே அறை, அடுத்த வீட்டுக்காரர் இருமினால் இங்கே தூக்கம் கலையும், ரசம் கொதித்தால் மாடிக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவாள். அனுபவித்த காலத்தில் அவஸ்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லும்போது மட்டும் ஏதோ அரண்மனையில் வாழ்ந்ததைப் போல் முகம் மலர்கிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாவது வீடும் மூன்றாவது வீடும் அந்த ஊர் வீடுகள். முதல் வீடு மட்டும் இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருப்பது. அதன் சுவர் அந்நிய நாட்டுச் சுவர். அதில் அடித்த ஆணியில் மாட்டியிருப்பதோ நம் ஊர்க் கடையில் கொடுத்த காலண்டர். விட்டுவந்த ஊரை யாரும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக முடியாது. ஆகையால் போன இடத்தில் முதலில் கிடைக்கிற நான்கு சுவர்களுக்குள் அந்த ஊரை எப்படியாவது நிறுவிப் பார்க்கிறார்கள். ஒன்றும் முடியாதவர்கள் வீட்டு வாசலில் ஊரின் பெயரையாவது எழுதி வைக்கிறார்கள்.

எழுத வாய்ப்பில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் நாம் ரங்கூனுக்கும் டர்பனுக்கும் போகவேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் போதும்.

எண்ணூருக்கு வடக்கே ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயுமாக நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதில் இருப்பது காட்டுப்பள்ளி. பள்ளி என்றால் பாடம் படிக்கும் இடம் என்று மட்டுமே இன்று நினைக்கிறோம். பழைய தமிழில் அதற்குப் படுக்கை என்றும், தங்குமிடம் என்றும், சிற்றூர் என்றும் பொருள் உண்டு. காட்டில் ஒரு தங்குமிடம்: பெயர் பொருத்தமானதுதான். அந்த மணல் திட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் ஏரியும் கடலும் கலக்கும் இடத்தில் பழவேற்காடு வந்துவிடுகிறது. அந்நிய நாட்டில் முதல் வீடு என்ற விஷயத்தைப் பற்றிச் சரித்திரம் நமக்குச் சொல்லக்கூடிய கதைகளில் முக்கியமான ஒன்று இந்தக் கரையில்தான் ஆரம்பமாகிறது.

டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தது 1602-ம் வருஷத்தில். இந்தோனேசியத் தீவுகளில் விளையும் கிராம்பும் ஜாதிக்காயும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிப் பணத்தைவிடச் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் பெரிதாக மதித்தார்கள். துணி வாங்கத் துறைமுகம் வேண்டும். துணிக்கும் சாயத்துக்கும் அப்போதே கீழ்த்திசையெங்கும் பேர் பெற்றிருந்தது பழவேற்காடு. இன்றைக்கும் மலாய் நாட்டில் கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். அந்தப் ‘பெலிக்காட்’ நம்முடைய பழவேற்காடுதான். ஊர் மறந்துபோன பிறகும் இடுப்பில் பெயர் நிற்கிறது.

1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு இது பிடிக்கவில்லை. 1612-ல் வந்து அதை நாசம் செய்துவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்கள் சளைக்கவில்லை. வெம்மர் வான் பெர்ச்செம் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் 1613-ல் ஒரு கோட்டையையே எழுப்பிவிட்டார்கள். அந்தக் கோட்டைக்கு வைத்த பெயர்தான் கவனிக்க வேண்டியது. மன்னர் பெயரை வைக்கவில்லை; புனிதர் பெயரையும் வைக்கவில்லை. கெல்ட்ரியா என்று வைத்தார்கள். ஹாலந்து தேசத்தில் கெல்டர்லாந்து என்று ஒரு மாகாணம் இருக்கிறது. வான் பெர்ச்செமின் சொந்தச் சீமை அது.

நம் ஊர்க்காரர் ஒருவர் ஜோகூரில் கட்டிய வீட்டுக்குத் ‘தேவகோட்டை இல்லம்’ என்று பெயர் வைத்தால் அதில் என்ன உணர்ச்சி இருக்குமோ, அதே உணர்ச்சிதான் இதிலும். பனியும் பசும்புல்லும் உள்ள சீமையின் பெயரை, உப்புக் காற்றடிக்கும் பனங்காட்டு மணலில் கொண்டுவந்து ஊன்றினார்கள். வித்தியாசம் ஒன்றுதான். தேவகோட்டைக்காரரிடம் பீரங்கி கிடையாது.

அந்தக் கோட்டை வெகுகாலத்துக்குச் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமை இடமாக இருந்தது. 1690-ஐ ஒட்டித்தான் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. பழவேற்காட்டில் வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள், துணி மூட்டைகளைக் கணக்கெழுதிக் கப்பலேற்றினார்கள். இங்கிலீஷ்காரர்கள்கூட 1620-களின் தொடக்கத்தில் இங்கே ஒண்டுக் குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். இரண்டு கம்பெனிகள் ஒரு கூரையின் கீழ் வாழ முடியவில்லை. வெளியேறி வேறு இடம் தேடி அலைந்து, கடைசியில் 1639-ல் சென்னப்பட்டினத்தில் காலூன்றினார்கள். பழவேற்காட்டில் அவர்களுக்கு ஒரு நல்ல வீடு அமைந்திருந்தால் சென்னை என்ற பட்டணம் இன்று எப்படி இருந்திருக்குமோ!

கோட்டைக்குள்ளும் அதை ஒட்டியும் டச்சுக் குடும்பங்கள் குடியேறின. குடும்பம் என்றால் ஹாலந்திலிருந்து மனைவி மக்களோடு வந்தவர்கள் சொற்பம். சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் இந்த நாட்டிலேயே, ஞானஸ்நானம் பெற்ற பெண்களையும் போர்த்துகீசிய வம்சக் கலப்புள்ள பெண்களையும் கலியாணம் செய்துகொண்டார்கள். கம்பெனியார் அதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விதி வந்தது. அப்படி மணந்த ஆசியப் பெண்ணை ஹாலந்துக்கு அழைத்துப்போகக் கூடாது. ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவேண்டும். அவர்கள் வேண்டுமானால் ஊரை மறந்துவிட வேண்டும். இந்த விதியின் பலனாகப் பல பேருக்குப் பழவேற்காட்டு முதல் வீடே கடைசி வீடும் ஆயிற்று.

அந்தக் கடைசி வீடுகளை இன்றும் பார்க்கலாம். கோட்டை போய்விட்டது. புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடும்தான் மிச்சம். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. வாசலில் இரு புறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக் கூடுகள் நம்மை வரவேற்கின்றன. “இன்று நாங்கள், நாளை நீங்கள்” என்று சொல்வதுபோல் ஒரு நிலை. பகல் வேளையிலும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் உள்ளே போனேன். உள்ளே போனதும் தயக்கம் நீங்கி ஆச்சரியம் உண்டாயிற்று. அவ்வளவு நேர்த்தியான எழுத்துக்கள். பெயர், வகித்த பதவி, இறந்த தேதி, குடும்பச் சின்னம். மூன்றரை நூற்றாண்டு உப்புக் காற்றைத் தின்றும் கல் தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கல்லில் எழுதாமல் காகிதத்தில் எழுதியவர் ஒருவரும் இந்தக் குடியேறிகளில் உண்டு. ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் 1642 வரை பத்து வருஷம் பழவேற்காட்டில் வாழ்ந்தார். அந்நிய தேசத்தில் வந்து குடியிருக்கிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் புகார்தான் எழுதுவார்கள். இவர் கேள்வி கேட்டார். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவர் அப்போது பழவேற்காட்டில் டச்சுக்காரரின் நிழலில் அடைக்கலமாக இருந்தார். இருவருக்கும் பொதுவான பாஷை, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத போர்த்துகீசியம். அந்தப் பாஷையிலே பேசிப் பேசி, இந்த நாட்டு ஆசாரங்களையும் தெய்வங்களையும் பற்றி ரொஜேரியஸ் தெரிந்துகொண்டார். பத்மநாபனின் உதவியோடு பர்த்ருஹரியின் சதகங்களில் இரண்டையும் டச்சில் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பி 1649-ல் அவர் இறந்துபோக, அவருடைய மனைவி 1651-ல் லெய்டன் நகரில் அந்தப் புத்தகத்தை அச்சிட்டாள். ஸம்ஸ்கிருத நூல் ஒன்று ஐரோப்பிய பாஷையில் முதன்முதலாக அச்சேறியது அதில்தான். பழவேற்காட்டில் ஏதோ ஒரு வீட்டில் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேசிய பேச்சு, ஐரோப்பாவின் பண்டிதர்களுக்கு இந்தியாவின் கதவைத் திறந்துவிட்டது. புத்தகத்தின் பெயரும் ‘திறந்த கதவு’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

இதுவரையில் சொன்னது வந்தவர்களின் கதை. அதே ஊரில், அதே வருஷங்களில், வேறொரு கதவும் திறந்திருந்தது. அது வெளியே போகிற கதவு.

1614-ல் வேங்கடபதி ராயர் இறந்ததும் பட்டத்துக்குச் சண்டை மூண்டது. நாடு இரண்டுபட்டது. படைகள் நடந்த வயலில் பயிர் ஏது? பஞ்சம் வந்தது. பின்னால் பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படையெடுப்பு, மறுபடியும் பஞ்சம். வயிற்றுக்கில்லாத ஜனங்கள் கடற்கரைப் பட்டினங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தங்களை விற்றார்கள், பிள்ளைகளை விற்றார்கள். வாங்குவதற்குத் தரகர்கள் இருந்தார்கள். தரகர்களிடம் வாங்குவதற்குக் கம்பெனி இருந்தது. 1619-ல் ஜாவாத் தீவில் பட்டேவியா நகரத்தை ஸ்தாபித்திருந்த டச்சுக்காரர்களுக்குக் கல் சுமக்கவும் வாய்க்கால் வெட்டவும் வீட்டு வேலை செய்யவும் ஆள் தேவைப்பட்டது. துணி மூட்டைகள் ஏறிய கப்பல்களில் மனிதர்களும் ஏறினார்கள். ஆயிரம் ஆயிரமாக ஏறினார்கள். கடைசி முழம் துணிக்கும் கணக்கு வைத்த கம்பெனி, இவர்களுக்கும் கணக்கு வைத்தது. தலைக் கணக்கு மட்டும்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவளுடைய சொந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. டச்சு ஏடுகளில் அவள் ‘ஃக்ரோத்தெ காத்ரீன் வான் பலியகாட்டெ’. ஃக்ரோத்தெ என்றால் பெரிய. வான் என்றால் இன்ன ஊரைச் சேர்ந்த. பலியகாட்டெ எது என்று நான் சொல்லவேண்டியதில்லை. பழவேற்காட்டுப் பெரிய காத்ரீன். பிறந்தது 1630-ஐ ஒட்டிய வருஷங்களில். அதாவது, ரொஜேரியஸ் பாதிரியார் பத்மநாபனிடம் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்துக் குழந்தை. இந்த நாட்டின் வேதம் என்ன, சடங்கு என்ன என்றெல்லாம் அவர் கேட்டு எழுதினார். அந்தக் குழந்தையிடம் உன் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டதை எழுதியும் வைத்திருந்தால், இன்று எனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட ஆசை. காத்ரீன் என்ற சப்தத்துக்கு அருகில் காத்தாயி இருக்கிறாள். ஏரிக்கரையில் ஒரு குடிசையும், வலை பின்னும் தகப்பனும், பஞ்சத்தில் மெலிந்த தாயும், கப்பலேறும் நேரத்தில் முந்தானையில் முடிந்துகொடுத்த ஒரு பிடி அவலும் என் பேனாவுக்கு ஒரு இரவு வேலை. ஆனால் இது நாவல் அல்ல. அவளிடமிருந்து ஒருமுறை பெயரைப் பறித்துவிட்டு வேறு பெயரைச் சூட்டியாயிற்று. நானும் அதையே செய்வது நியாயமாகத் தோன்றவில்லை. ஏடு சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

1656-ல் அவள் பட்டேவியாவில் ஒரு வீட்டில் அடிமை. மலபார்க் கரையிலிருந்து வந்த கிளாஸ் என்ற இன்னொரு அடிமைக்கும் அவளுக்கும் நேசம் இருந்தது. ஒருநாள் இருவருக்கும் சச்சரவு, அவன் தாக்கினான், அவள் எதிர்த்தாள், அதில் பட்ட அடியால் அவன் மாண்டுபோனான். கொலைக் குற்றம் என்று மரண தண்டனை விதித்தார்கள். பிறகு இரக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் நாடு கடத்துவதாகத் தண்டனையைக் குறைத்தார்கள். எங்கே? ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனையில்.

அங்கே வான் ரீபேக் என்ற கம்பெனித் தளபதி 1652-ல் ஒரு தங்குதுறை அமைத்திருந்தார். போகிற வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொடுப்பதற்காக ஏற்பட்ட இடம். நகரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நாலு மூலையில் கொத்தளம் வைத்த ஒரு மண் கோட்டை, தோட்டம், பின்னால் மேஜையைப் போல் தட்டையான மலை. 1657-ல் காத்ரீன் அங்கே இறக்கிவிடப்பட்டாள். அங்கே அடிமைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருஷத்தில்தான். ஆகவே அந்தக் குடியேற்றத்தின் மிகப் பழைய குடிகளில் ஒருத்தி இந்தப் பழவேற்காட்டுப் பெண். வேற்று மண்ணில் அவளுடைய வாசம் இப்படி அமைந்தது: பிறந்தது ஒரு கம்பெனிக் கோட்டையின் அருகில், வளர்ந்து துன்பப்பட்டது இன்னொரு கம்பெனிக் கோட்டையின் கீழ், தண்டனை அனுபவித்தது மூன்றாவது கம்பெனிக் கோட்டையில். சமுத்திரம் மாறியது, மலை மாறியது, நட்சத்திரங்கள்கூட மாறின. கொடி மட்டும் மாறவில்லை.

தளபதியின் வீட்டுத் துணிகளை வெளுப்பது அவளுடைய வேலை. சாயம் போகாத துணிக்குப் பேர்போன ஊரின் பெண், மலையிலிருந்து இறங்கும் ஓடையில் அந்நியருடைய சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நாளடைவில் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமான் என்ற சிப்பாயோடு உறவு ஏற்பட்டு, ஒரு மகன் பிறந்தான். 1669-ல் அந்தக் குழந்தைக்குக் கிறிஸ்டோஃபல் என்று ஞானஸ்நானம் நடந்தது. அவளுக்கும் மன்னிப்பும் சுதந்திரமும் கிடைத்தன. 1671-ல், வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலையான அந்தோணி என்பவனை முறைப்படி கலியாணம் செய்துகொண்டாள். பழவேற்காட்டுக்காரியும் வங்காளத்துக்காரனும் நன்னம்பிக்கை முனையில் மாதாகோவிலில் மாலை மாற்றி ஒரு குடும்பம் ஆனார்கள்.

வேற்று நாட்டில் முதல் வீடு என்று அவள் சொல்லிக்கொள்ளக் கூடியது அதுவாகத்தான் இருக்க முடியும். பட்டேவியாவில் இருந்தது எஜமானின் வீடு. மண் கோட்டைக்குள் இருந்தது தண்டனை. தன் கணவன், தன் பிள்ளை, தன் அடுப்பு என்று கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் இடம், ஊரைவிட்டுப் புறப்பட்டு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அப்போதுதான் கிடைத்தது. அதுவும் வெகுகாலம் நிலைக்கவில்லை; அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் அவள் கதை ஏடுகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் வம்சம் முடியவில்லை. மகன் கிறிஸ்டோஃபல், பிரான்ஸ் பக்கத்திலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த ஒரு கௌரவமான ஹூகனாட் குடும்பத்துப் பெண்ணை 1690 வாக்கில் மணந்துகொண்டான். அவர்களுடைய சந்ததிதான் தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமான் என்ற பெரிய குடும்பம். நிறத்தைக் காரணமாக வைத்து மனிதரைப் பிரித்த காலத்தில் வெள்ளைக்காரர் என்று எண்ணப்பட்ட பல குடும்பங்களின் ஆதித் தாய், வடசென்னைக்கு அப்பால் உள்ள ஓர் ஏரிக்கரையில் பிறந்தவள். சரித்திரத்துக்கு இப்படிச் சிரிக்கவும் தெரியும்.

காத்ரீனின் பெயரை மறுபடி பாருங்கள். அந்தப் பெயரில் அவளுடையது என்று சொல்ல எது இருக்கிறது? காத்ரீன், அவர்கள் வைத்த பெயர். பெரிய என்பது அவர்கள் கொடுத்த அடைமொழி. ‘பலியகாட்டெ’ மட்டும்தான் அவளோடு வந்தது. அதையும் அவள் பெருமைக்காக வைத்துக்கொள்ளவில்லை. அடிமைகளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கம்பெனிக் குமாஸ்தா குத்திய முத்திரைதான் அந்த ஊர்ப் பெயர். ஆனால் முத்திரை குத்தியவன் அறியாமலே ஒரு காரியம் நடந்துவிட்டது. வீடும் வாசலும், தாயும் தகப்பனும், பாஷையும் தெய்வமும் போன பிறகு, ஊர் மட்டும் அவள் பெயரிலே குடியேறிவிட்டது.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நம் தாத்தாக்களின் கையெழுத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்துக்கும் முன்னால் ஊரின் முதலெழுத்து நிற்கும். ஊர்க் காணி விற்றுப் போயிருக்கலாம். வீடு இடிந்து போயிருக்கலாம். அந்த ஓர் எழுத்தை மட்டும் விடமாட்டார்கள். வான் பெர்ச்செம் தன் சீமையின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். நம் பெரியவர்கள் தங்கள் ஊரின் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். கோட்டை புதராகிவிட்டது.

காத்ரீனைப் போலக் கப்பலேறியவர்களில் விடுதலை பெற்றவர்கள் பட்டேவியாவிலும் இருந்தார்கள். ‘மார்டைக்கர்’ என்று அவர்களுக்குப் பெயர். சோழமண்டலக் கரை, வங்காளம், மலபார் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்தவர்களாகி, போர்த்துகீசியக் கலப்புப் பாஷை பேசினார்கள். 1661-ல் அவர்களில் இருபத்து மூன்று குடும்பங்கள் நகருக்கு வெளியே தூகூ என்ற சதுப்பு நிலத்தில் குடியேறியதாக அவ்வூர் வழக்கு. இன்றும் அங்கே ஒரு பழைய மாதாகோவிலும், ‘கெரொஞ்சோங்’ என்ற இசையும் அவர்கள் நினைவாக இருக்கின்றன. மார்டைக்கர் என்ற சொல்லின் மூலம் ‘மகர்த்திக’ என்ற ஸம்ஸ்கிருதச் சொல். அதுவே மலாயில் ‘மெர்டேக்கா’ ஆயிற்று. 1945-ல் இந்தோனேசியாவிலும் 1957-ல் மலாயாவிலும் வானைப் பிளந்த சுதந்திர முழக்கம் அந்தச் சொல்தான். தூகூ இன்று ஜகார்த்தாவின் வடக்கே, தஞ்சோங் பிரியோக் துறைமுகத்தை ஒட்டி, கண்டெய்னர் லாரிகளின் புழுதியில் இருக்கிறது.

கண்டெய்னர் லாரிப் புழுதி என்றதும் எனக்குக் காட்டுப்பள்ளி ஞாபகம் வந்துவிட்டது. காத்ரீனைத் தேடிப் பழவேற்காட்டுக்குப் போனபோது, அந்த வழியாகத்தான் போனேன். மீஞ்சூரிலிருந்து கிழக்கே திரும்பினால் இப்போது மின்சார நிலையங்களும், சாம்பல் குழாய்களும், வரிசை வரிசையாக லாரிகளும். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியிலேயே வந்தது. ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். அதன் பிறகு கப்பல் கட்டும் தளமும், 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. சென்னையில் குழாயைத் திறக்கிற நாமெல்லோரும், விளக்கைப் போடுகிற நாமெல்லோரும் இந்த மணல் திட்டுக்குக் கடன்பட்டவர்கள்தான். கடலோரத்திலிருந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் அந்தக் கப்பல் தளத்துக்காக இடம்பெயர வேண்டியிருந்தது.

அவர்களுக்குக் கொடுத்த புதுக் குடியிருப்பில் ஒரு வயதான அம்மாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பழைய ஊர் எங்கே இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டி, “அதோ கிரேன் நிக்குது பாருங்க சார், அதுக்குக் கீழதான் எங்க ஊடு” என்றாள்.

“இந்த வீடு எப்படி இருக்கிறது, அம்மா?”

“இது கல்லு ஊடு. மழைக்கு ஒழுவாது. கொற சொல்லக் கூடாது சார்” என்றாள். பிறகு ஒரு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அது ஓலைக் கொட்டாதான். ஆனா படுத்தவாக்குல தலையத் தூக்கினா கடலு தெரியும். தண்ணி இன்னா நெறத்துல கீதுன்னு பாத்தே எங்க ஊட்டுக்காரரு தொழிலுக்குக் கெளம்பிடுவாரு. இப்ப என் மவன் தண்ணி எப்டி கீதுன்னு போன் போட்டுக் கேக்கறான்.”

இந்த அம்மாள் கடலைத் தாண்டவில்லை; மாகாணத்தைத் தாண்டவில்லை; அதே ஊராட்சியின் எல்லையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். ஆனாலும், ரங்கூனுக்குப் போனவர்கள் முதல் வீட்டைப் பற்றிப் பேசும் தொனி அவள் பேச்சில் இருந்தது. வந்த வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம். விட்ட வீட்டைப் பற்றி நான்கு வாக்கியம். அந்நிய தேசம் என்பது தூரத்தைப் பொறுத்தது அல்ல என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. வாசலில் தெரிய வேண்டியது தெரியாமற் போனால் அதுவே அந்நிய தேசம்தான். “இப்போது நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டதற்கு, “எங்க கொண்டாந்து வெச்சாலும் நாங்க காட்டுப்பள்ளிக்காரங்கதான் சார்” என்றாள். வான் காட்டுப்பள்ளி.

காத்ரீன் போய் இருநூறு வருஷம் கழித்து, அதே ஆப்பிரிக்கக் கரைக்குத் தமிழர்கள் மறுபடி போனார்கள். 1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்லப் புகுந்தால் இந்த இடம் போதாது. ஆனால் ஒன்று உண்டு. அந்தக் கப்பல்களின் பட்டியலில் அவரவர் பெயர், தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து கொள்ளுப் பேரன் பேத்திகள் அந்தப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, உச்சரிக்கத் தெரியாத கிராமப் பெயரை ஆட்டோக்காரரிடம் காட்டி, வட ஆர்க்காட்டிலும் தஞ்சாவூரிலும் வழி கேட்கிறார்கள். சிலருக்கு ஊர் அகப்படுகிறது. ஒருவேளை தெருவும் அகப்படுகிறது.

காத்ரீனின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் ஒன்றுமே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவர் பழவேற்காட்டுக்கு வந்தால், வழிகாட்டிகள் நேராக டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். வந்தவர்களின் பெயர்களைக் கல்லில் காட்டுவார்கள். அங்கே அவருடைய பாட்டியின் பெயர் இராது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ஏரிக்கரையில் படகுக்காரர்கள் கூவுவதைக் கேட்டால், மீஞ்சூர் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்தால், கடைப் பலகைகளைப் பார்த்தால், எங்கும் அவள் பெயர்தான் எழுதியிருக்கும். பெயரில் அவளுடையதாக இருந்த பாகம் அது ஒன்றுதானே.